சம்பளம் போடுபவர் ஒருவர், வேலை வாங்குபவர் ஒருவர்: கனடா குடிவரவில் ஏஜென்சி அனுபவத்தை நிரூபிப்பது

ஏஜென்சி வேலை செய்கிறவருக்கு எப்போதும் இரண்டு முதலாளிகள். மிசிசாகாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவானாலும் சரி, ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையானாலும் சரி, கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு பெயர் இருக்கும். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். வேலை ஓடுகிறவரை இது யாரையும் உறுத்துவதில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு (பிஆர்) விண்ணப்பிக்க உட்காரும் நாளில்தான் உறுத்தல் தொடங்குகிறது. வேலையளிப்பவரிடமிருந்து அனுபவக் கடிதம் வேண்டும் என்று குடிவரவுத் துறை கேட்கிறது. எந்த வேலையளிப்பவர் என்பதுதான் கேள்வி.

ஏஜென்சி மூலம் செய்த வேலை கணக்கில் சேராது என்று கனடிய விதி எதுவும் சொல்லவில்லை. 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வேலை என்பதற்குத் தரும் விளக்கம் மிகச் சுருக்கமானது: கூலியோ கமிஷனோ கிடைக்கும் செயல், அவ்வளவுதான். அந்தக் கூலி யார் கையால் வந்தது, வேலை யாருடைய கட்டடத்தில் நடந்தது என்றெல்லாம் அது கேட்பதில்லை. கேட்பது மூன்றே மூன்று. எத்தனை மணி நேரம், எந்தத் தொழில், என்ன பணிகள்.

பிஆர் விண்ணப்பங்களைக் கையாளும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்குள் இருக்கும் திட்டங்களில் நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டு. கூட்டாட்சித் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில், கடந்த 10 ஆண்டுகளுக்குள் ஒரே தொழிலில் இடைவெளியின்றி ஓராண்டு முழுநேர அனுபவமோ, அதற்கு ஈடான பகுதிநேர அனுபவமோ வேண்டும். உலகின் எந்த நாட்டில் செய்த வேலையானாலும் செல்லும். 2008இல் வந்த கனடிய அனுபவ வகுப்பில், கடந்த 3 ஆண்டுகளுக்குள் கனடாவிலேயே ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். இதில் இடைவெளி இருந்தாலும் குற்றமில்லை. ஓராண்டு என்றால் வாரம் 30 மணி வீதம் 1560 மணி. ஒரே நிறுவனத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் செய்த மணிகளைச் சேர்த்துக் காட்டலாம். சட்டத்தைப் படித்தால் ஏஜென்சித் தொழிலாளிக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. அவர் தடுக்கி விழுவது ஆவணத்தில்.

அனுபவக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் துறை தெளிவாகவே சொல்கிறது. நிறுவனத்தின் தலைப்புத்தாள், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். நேரடி மேற்பார்வையாளர் அல்லது பணியாளர் அலுவலரின் பெயர், பதவி, கையொப்பம். வகித்த பதவிகள், வேலை செய்த தேதிகள், வாராந்தர மணிகள், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும். எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்த பணிகளும் பொறுப்புகளும். இந்தப் பட்டியலை எழுதியவர் மனத்தில் ஒரு முதலாளியும் ஒரு தொழிலாளியும்தான் இருந்திருக்கிறார்கள். ஏஜென்சி வேலையில் இந்த விவரங்கள் இரண்டு வீட்டில் கிடக்கின்றன. தேதி, மணி, சம்பளம் எல்லாம் ஏஜென்சியின் கணினியில் இருக்கும். ஆனால் அந்த அலுவலக அதிகாரி அந்தத் தொழிலாளியை நேரில் பார்த்தே இருக்க மாட்டார். பணிகளைத் தெரிந்தவர் கிளையன்ட் நிறுவனத்தின் மேற்பார்வையாளர். அவரோ கையெழுத்துப் போட மாட்டார்.

ஏன் போட மாட்டார் என்பதில்தான் இந்தச் சிக்கலின் ஆணிவேர் இருக்கிறது. மனிதவளத் துறையின் மனமில்லாமை என்றோ சோம்பல் என்றோ பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வக்கீல் சொல்லிக் கொடுத்த எச்சரிக்கை.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஒப்பந்ததாரரின் ஆட்கள் முதன்மை நிறுவனத்தின் ஆட்களாகக் கருதப்படவில்லை. ஆனால் ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபணமானால் அவர்களை முதன்மை நிறுவனத்தின் தொழிலாளிகளாகவே கருத வேண்டும் என்று ஸ்டீல் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. கண்துடைப்பா இல்லையா என்பதைத் தீர்மானிக்கப் பின்வந்த தீர்ப்புகள் பார்த்தவை முக்கியமாக இரண்டு: சம்பளம் தருவது யார், வேலையைக் கட்டுப்படுத்தி மேற்பார்வை செய்வது யார். இப்போது கனடா கேட்கும் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். "இவர் எங்கள் ஆலையில், எங்கள் மேலாளரின் நேரடி மேற்பார்வையில், இன்னின்ன பணிகளைச் செய்தார்" என்று எழுதித் தர வேண்டும். நாளை தொழிலாளர் நீதிமன்றத்தில் நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுகிறவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. குடிவரவு அதிகாரிக்குத் தேவையான அதே வாக்கியத்தைத்தான் நிறுவனத்தின் சட்டப் பிரிவு ஒருநாளும் எழுதாதே என்கிறது.

அமெரிக்காவிலும் இதே பயம்தான். மைக்ரோசாஃப்டில் ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பணியாளர்களாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தாங்களும் ஊழியர்களே என்று வழக்காடி, 2000ஆம் ஆண்டு 9.7 கோடி டாலர் சமரசம் பெற்றார்கள். பெரிய நிறுவனங்கள் ஏஜென்சி ஆட்களுக்கு அட்டையின் நிறத்தைக்கூட வேறாக வைப்பதுண்டு. ஹெச்1பி விசாவில் போய், வெண்டருக்குக் கீழே வெண்டர் என்று மூன்றடுக்குச் சங்கிலியின் கடைசியில் உட்கார்ந்து நிரல் எழுதுகிற நம் பிள்ளைகளுக்கு கிளையன்ட் கடிதம் கேட்டுக் கெஞ்சுவது பழகிப்போன ஒன்று. அவர்களில் ஒருவர் கனடாவுக்கு மனுப் போட்டால் அதே கெஞ்சல் மறுபடியும் தொடங்கும்.

கனடாவுக்குள்ளேயே, குறிப்பாக ஒன்டாரியோவில், நிலைமை இவ்வளவு மோசமில்லை. அங்குள்ள பலருக்கே இது தெரியாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்டாரியோவின் வேலைத் தர நிர்ணயச் சட்டத்தில் தற்காலிக உதவி ஏஜென்சிகளுக்கென்று ஒரு தனிப் பகுதியே 2009இல் சேர்க்கப்பட்டது. அதன்படி ஏஜென்சிதான் சட்டப்படி வேலையளிப்பவர். ஆகவே அனுபவக் கடிதத்தில் ஏஜென்சி கையெழுத்திடுவது முற்றிலும் முறையானது. கிளையன்ட்டைக் கெஞ்ச வேண்டிய சட்டத் தேவை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் அனுப்பும்போது கிளையன்ட்டின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்புக்குரியவர், கூலி விகிதம், வேலை நேரம், செய்ய வேண்டிய வேலையின் பொதுவான விவரம், எவ்வளவு காலம் என்ற மதிப்பீடு ஆகியவற்றை ஏஜென்சி எழுத்தில் தர வேண்டும். வாயால் சொல்லியிருந்தாலும் பிறகு எழுத்தில் தந்தாக வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இன்னொரு கடமையும் சேர்ந்தது: எந்தத் தொழிலாளி எந்த கிளையன்ட்டிடம் ஒவ்வொரு நாளும் வாரமும் எத்தனை மணி வேலை செய்தார் என்பதை ஏஜென்சியும் பதிந்துவைக்க வேண்டும், கிளையன்ட்டும் பதிந்துவைக்க வேண்டும். 3 ஆண்டுகள் அதைப் பாதுகாக்கவும் வேண்டும்.

இடம், பெயர், கூலி, மணி, வேலையின் விவரம் என்று குடிவரவுத் துறை கேட்பதில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் வேலைக்கு அனுப்பும் தகவல் ஒரு குறுஞ்செய்தியாக வரும்: நாளை காலை 7 மணி, இந்த முகவரி, பாதுகாப்புக் காலணி கட்டாயம். வாங்குகிறவரும் அதற்குமேல் கேட்பதில்லை. 3 ஆண்டுக் கெடுவையும் கவனிக்க வேண்டும். கனடிய அனுபவ வகுப்பு 3 ஆண்டுகளுக்குள்தான் பார்க்கிறது, ஆகவே பொருந்திவிடும். 10 ஆண்டுகள் பின்னோக்கிப் பார்க்கும் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் 6 ஆண்டு பழைய ஏஜென்சி வேலையைக் காட்ட நினைத்தால், சட்டப்படியே அந்தப் பதிவு அழிக்கப்பட்டிருக்கலாம், ஏஜென்சியே மூடப்பட்டிருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அந்த மாகாணத்தில் ஏஜென்சி நடத்த உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. ஒரு ஏஜென்சி உண்மையில் இருக்கிறதா என்று இனி சரிபார்ப்பது எளிது.

அடுத்த சிக்கல் தொழிற்குறியீடு. கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்திலக்க எண் உண்டு. இரண்டாவது இலக்கம் அதன் தரத்தைக் காட்டும். 0, 1, 2, 3 இருந்தால் திறன்மிகு வேலை. 4, 5 என்றால் இந்தத் திட்டங்களுக்கு ஆகாது. நிரந்தர வேலையில் இருப்பவருக்குப் பதவி ஒன்று, குறியீடு ஒன்று. ஏஜென்சியில் அப்படி இல்லை. ஓர் உதாரணம்: படிப்பை முடித்து, திறந்த வேலை அனுமதியுடன் டொராண்டோவில் ஒரே ஏஜென்சி மூலம் 16 மாதம் வேலை செய்த ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். முதல் 4 மாதம் தரவு உள்ளிடும் வேலை, குறியீடு 14111. அடுத்த 5 மாதம் வேறொரு கிளையன்ட்டிடம் கணக்கு எழுத்தர், 14200. கடைசி 7 மாதம் ஒரு சிறு நிறுவனத்தில் முழுக் கணக்கேடும் அவர் கையில், 12200. வரிச்சீட்டான டி4 ஒன்றுதான், அதில் ஏஜென்சியின் பெயர்தான். அவர் 16 மாத அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குடிவரவுக் கணக்கில் அது 7 மாதம். முதல் இரண்டு எண்களிலும் இரண்டாவது இலக்கம் 4 அல்லவா? ஏஜென்சி மொத்தமாக "அலுவலகப் பணியாளர், 16 மாதம்" என்று ஒரே வரியில் கடிதம் கொடுத்தால் அந்த 7 மாதமும் போய்விடும்.

ஆகவே கடிதம் கிளையன்ட் வாரியாகப் பிரிந்திருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த நிறுவனத்தில், என்ன பதவியில், வாரம் எத்தனை மணி, என்ன கூலி, என்னென்ன பணிகள் என்று ஒவ்வொன்றும் தனிப் பத்தியாக வர வேண்டும். தொழில் வகைப்பாட்டின் முகப்பு விளக்கத்தோடும் முக்கியப் பணிகளில் கணிசமானவற்றோடும் அது பொருந்த வேண்டும். பொருந்த வேண்டும் என்பதற்காக அரசு இணையதளத்தின் வரிகளை அப்படியே ஒட்டினால் அதிகாரி ஐயப்படுவார். ஏஜென்சிக்காரர் வேலைத்தளத்தைப் பார்க்காதவர் என்பது அவருக்கும் தெரியும். "மாதக் கடைசியில் 3 வங்கிக் கணக்குகளை ஒத்துப் பார்த்தார், விற்பனை வரிப் படிவத்தைத் தயாரித்தார்" என்பதில் இருக்கும் உயிர், நகலெடுத்த வாக்கியத்தில் இருக்காது.

மணிக்கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. ஏஜென்சி வேலை சில மாதம் கொட்டும், சில மாதம் வறளும். கொட்டும்போது வாரம் 45 மணி, 35 வாரம் செய்தவர் 1575 மணி வந்துவிட்டது, ஓராண்டு முடிந்தது என்று கணக்குப் போடுவார். 30 மணிக்கு மேல் செய்த எந்த மணியையும் துறை எண்ணுவதில்லை. அவர் கணக்கில் சேர்வது 1050 மணிதான். இன்னும் 17 வாரம் பாக்கி. வேலை நின்று வருமானம் தடைப்படும்போது ஏஜென்சி கொடுக்கும் வேலைப் பதிவுச் சான்று, அங்குள்ளவர்கள் ஆர்ஓஇ என்பது, காப்பீட்டுக்குரிய மொத்த மணிகளைக் காட்டும் அரசு ஆவணம். நல்ல சான்றுதான். ஆனால் நாலு முறை வேலை நின்றிருந்தால் அது நாலு இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியையும் சேர்த்தே சாட்சி சொல்லும். கனடிய அனுபவ வகுப்புக்கு அதனால் கெடுதல் இல்லை. இடைவெளியற்ற ஓராண்டைக் கேட்கும் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் அது விண்ணப்பத்தையே கவிழ்க்கக்கூடும். ஒரே அனுபவம் ஒரு திட்டத்தில் செல்லும், மற்றதில் செல்லாது. எதில் போடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் காகிதம் சேர்த்துப் பயனில்லை.

எல்லாவற்றிலும் கொடிய பொறி வரிச்சீட்டில் இருக்கிறது. சில ஏஜென்சிகள் ஆளை ஊழியராக வைக்காமல் சுயதொழில் ஒப்பந்தக்காரராகக் காட்டும். அப்போது டி4 வராது. டி4ஏ வரும், அல்லது சொந்தமாக ஒரு கம்பெனி பதிந்து பில் போடச் சொல்வார்கள். கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு வருகிறதே என்று பலரும் சரி என்கிறார்கள். கனடிய அனுபவ வகுப்பில் சுயதொழில் அனுபவம் அறவே கணக்கில் வராது. முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலையும் வராது. ஊழியரா, சுயதொழிலா என்பதைத் தாளில் உள்ள பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. கட்டுப்பாடு யாரிடம், கருவிகள் யாருடையவை, லாப நஷ்டம் யாருக்கு என்று பார்க்க வேண்டும் என்பதைக் கனடிய உச்ச நீதிமன்றம் 2001இல் சாகாஸ் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. ஆகவே டி4ஏ வந்தவரும் வாதாடலாம். ஆனால் அது மேட்டில் ஏறும் வேலை. இதே விதியில் மாட்டிக்கொண்ட மருத்துவர்களுக்கு 2023இல் அரசே தனி விலக்கு கொடுத்தது. ஏஜென்சி மூலம் வந்த கணக்கருக்கும் நிரலருக்கும் அப்படி யாரும் கொடுக்கவில்லை.

இந்தியாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒன்டாரியோச் சட்டம் உதவாது. அவர்களுக்கு வேறு காகிதங்கள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 1971ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 77ஆம் விதி என்று ஒன்று இருந்தது. வேலை முடிந்து போகும் தொழிலாளிக்கு ஒப்பந்ததாரர் பணிச் சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. அந்தப் படிவத்தில் ஒப்பந்ததாரரின் பெயரும் முதன்மை நிறுவனத்தின் பெயரும் வேலையின் தன்மையும் காலமும் கூலியும் ஒரே தாளில் வரும். கனடாவுக்கென்றே செய்ததுபோல் ஓர் ஆவணம்! ஆனால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டத்தின் காலத்தில் வேலை செய்தவர்கள் பழைய ஒப்பந்ததாரரிடம் இதை இப்போதும் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் பிஎஃப் பாஸ்புக் இருக்கிறது. மாதாமாதம் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர் அதில் பதிந்திருக்கும், இடைவெளி விழுந்த மாதமும் தெரியும். வருமான வரியின் 26ஏஎஸ், வங்கிப் பதிவு, சம்பளச் சீட்டு ஆகியவை அதைத் தாங்கி நிற்கும். வளைகுடாவில் சப்ளை கம்பெனி விசாவில் போனவர் நிலை இன்னும் சங்கடம். குடியிருப்பு அட்டையில் சப்ளை கம்பெனியின் பெயர், வருடக்கணக்காக உழைத்தது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், கடைசியில் கைக்கு வருவது "டெக்னீசியன்" என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு சான்றிதழ். அங்கே ஆலையின் நுழைவுச்சீட்டும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும்கூட மதிப்புள்ளவை. எந்த இடத்தில் நின்றார் என்பதை அவை சொல்கின்றன.

என் பார்வையில் எல்லா ஆவணங்களிலும் உயர்ந்தது நேரச்சீட்டு. ஏஜென்சியின் தலைப்பு மேலே, கிளையன்ட் மேற்பார்வையாளரின் கையெழுத்து கீழே. அனுபவக் கடிதத்தில் கையெழுத்திட மறுக்கும் அதே மேற்பார்வையாளர் வாரந்தோறும் நேரச்சீட்டில் தயங்காமல் கையெழுத்திடுகிறார், ஏனென்றால் இல்லாவிட்டால் ஏஜென்சிக்குப் பணம் போகாது. இரண்டு முதலாளிகளும் ஒரே தாளில் சந்திக்கும் ஒரே இடம் அதுதான். இப்போது பெரும்பாலும் அது இணையத்தளத்தில் ஒரு சொடுக்காகிவிட்டது. வேலை முடிந்த நாளிலேயே உள்நுழைவும் ரத்தாகிவிடும்.

கடிதம் கிடைக்கவே இல்லை என்றால் வெறுமனே விட்டுவிடக் கூடாது. கேட்ட ஆவணம் இல்லாமலும் விளக்கம் இல்லாமலும் போகும் விண்ணப்பம் முழுமையற்றது என்றே திரும்பிவிடும். யாரிடம் கேட்டோம், எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதைக் காட்டும் மின்னஞ்சல்களோடு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். கூடவே, நேரில் வேலை வாங்கிய மேற்பார்வையாளர் தன் சொந்தப் பெயரில் தரும் உறுதிமொழிப் பத்திரம். நிறுவனத்தின் சார்பில் எழுத அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் தான் கண்டதைத் தன் பெயரில் சொல்வதை எந்த வக்கீலும் தடுக்க முடியாது. இந்தியாவில் நோட்டரி முன்பும் கனடாவில் உறுதிமொழி ஆணையர் முன்பும் அதைச் செய்யலாம். அதன் பலம் அவர் யார் என்பதைப் பொறுத்தது. பக்கத்து மேசை நண்பர் எழுதுவதற்கும், நேரச்சீட்டில் 40 வாரம் கையெழுத்திட்டவர் எழுதுவதற்கும் எடை வேறு.

சந்தேகம் வந்தால் அதிகாரி கூப்பிட்டுக் கேட்பார் என்று எண்ணி இருந்துவிட முடியாது. 2006இல் ஹசானி வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது. கொடுத்த ஆவணத்தின் நம்பகத்தன்மையில் ஐயம் என்றால் விளக்கம் கேட்க வேண்டிய கடமை அதிகாரிக்கு உண்டு. சட்டம் கேட்டதை நிறுவ ஆவணம் போதவில்லை என்றால் கேட்காமலே நிராகரிக்கலாம். ஏஜென்சி அனுபவம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் அடிபடுகிறது. யாரும் பொய் என்று சொல்வதில்லை. போதவில்லை என்கிறார்கள்.

இந்த இடுக்கில்தான் போலிக் கடிதத் தரகர்கள் நுழைகிறார்கள். உண்மையாகவே வேலை செய்தவர், கிளையன்ட் கடிதம் கிடைக்காத ஆத்திரத்தில், அதே கிளையன்ட்டின் தலைப்புத்தாளில் ஒன்றைச் "செய்து" வாங்குகிறார். வேலை உண்மை, கடிதம் பொய். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தவறான தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுத் தடை. அது 2014 வரை 2 ஆண்டாக இருந்தது. தரகர்தான் செய்தார் என்பது பதிலாகாது.

விண்ணப்பதாரரை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் என்னால் இயலவில்லை. சுயதொழில் செய்தவர்கள் என்ன ஆவணம் தர வேண்டும் என்று குடிவரவுத் துறை தனியாகவே பட்டியலிட்டிருக்கிறது: நிறுவனப் பதிவு, வருமானச் சான்று, சேவை பெற்ற மூன்றாம் தரப்பினரின் ஆவணம். அதே அளவு விளக்கமாக ஏஜென்சித் தொழிலாளிக்கும் ஒரு பட்டியல் போட்டால் போதும். ஏஜென்சியின் கடிதம், பணியமர்த்தல் தகவல் தாள், நேரச்சீட்டு ஆகிய மூன்றையும் ஏற்போம் என்று நாலு வரி எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் ஆவணங்களைக் கொடுக்க இருப்பது 60 நாள். மூடிப்போன ஒரு ஏஜென்சியைத் தேடிப் பிடிக்க அது போதாது.

அந்த நாலு வரி வருகிறவரை வழி ஒன்றுதான். இப்போது ஏஜென்சி மூலம் வேலையில் இருக்கிறீர்கள் என்றால், நேரச்சீட்டுகளை இந்த வாரமே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையன்ட்டிடமும் வேலை முடியும் நாளில், அடுத்த இடத்துக்குப் போகுமுன், அந்த வேலைக்கு மட்டும் ஏஜென்சியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர் நினைவிருக்கும்போது தருவார்கள்.